நீர்யானை மழை குடித்தது, அண்ணா

எனக்க பொன்னு அண்ணாவுக்கு,

முதலில் உன் மகள் சொல்லியனுப்பிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அவள் என்னைச் சும்மா விடமாட்டாள். இரண்டு இல்லையாம், மூன்றாம். "அப்பாவுக்கு இது தெரியாது மாமி, நீ எழுதிப் போடு" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தினமும் பின்னாலேயே நடக்கிறாள். எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். அவர்களில் யாராவது உன்னிடம் வந்து சொல்லமாட்டார்களா?

எது மூன்று என்று நீ இதற்குள் கண்டுபிடித்திருப்பாய். மற்றவர்களுக்குப் புரிய வேண்டுமே, அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். பொறுத்துக்கொள். நீ கதை அளக்கும்போது நான் எத்தனை முறை பொறுத்திருக்கிறேன்!

பெருங்கடவிளைக்குப் பக்கத்தில் ஒரே முற்றத்தில் நமக்கு இரண்டு வீடு. ஒன்றில் நான். உன் அளியன், அதாவது என் வீட்டுக்காரர், கல்ஃபில். இன்னொன்றில் நீ, உன் பெண்டாட்டியான என் மைனி, உங்கள் மகள் அம்மு. எனக்கென்று பிள்ளை இல்லாததால் அம்மு பாதி நேரம் என் வீட்டில்தான் இருப்பாள். நான் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். உனக்கு ரப்பர் வெட்டு. நம் அப்பாவுக்கும் அதே வேலைதான்.

விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், மரம் மரமாகப் பட்டையைச் சீவி, சிரட்டையில் வடிகிற பாலை வெயில் ஏறுவதற்குள் எடுத்து வருகிற வேலை. இன்றைக்கு இந்தத் தோட்டம் என்றால் நாளைக்கு அந்தத் தோட்டம். ஞாயிறு கிடையாது, பண்டிகை கிடையாது. லீவு என்பது மழைக்கு மட்டும்தான். பட்டை நனைந்தால் பால் சிரட்டைக்கு வராமல் மரமெல்லாம் பரந்து ஒழுகிப் போகும். மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டி மழையிலும் வெட்டுகிற தோட்டங்கள் உண்டு. நம் முதலாளிக்கு அதில் நம்பிக்கை கிடையாது.

அதனால் ஊரெல்லாம் மழை வந்தால் வீட்டுக்குள் ஓடும். நாம் மழை வந்தால் வெளியே கிளம்புவோம். விடியற்காலையில் ஓட்டில் சடசடவென்று கேட்டால் போதும், நீ முற்றத்தின் நடுவில் நின்று "மழை வந்தாச்சு! எங்க போறோம்?" என்று சத்தம் போடுவாய். அம்மு பல்கூடத் தேய்க்காமல் பிராக்கை மாட்டிக்கொண்டு வந்து நிற்பாள். செங்கல் ஊர்க் கோயிலில் அந்தப் பெரிய சிவலிங்கத்தைப் பார்த்தது மழையில். காரோட்டுக் கடற்கரைக்குப் போனது மழையில். என் கல்யாணப் புடவை எடுத்ததும் மழையில். வெளியூரில் எடுத்த நம் போட்டோக்களில் குடை இல்லாத ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

திருவனந்தபுரத்து மிருகக்காட்சி சாலைக்கு அப்பா நம் இருவரையும் கூட்டிப் போனதும் அப்படி ஒரு மழை நாளில்தான். அப்பாவின் வாயில் அது எப்போதும் காழ்ச்சபங்களா. எனக்கு ஐந்து வயது இருக்கும், நீ நாலு வயது மூத்தவன். கொட்டுகிற மழையில் மிருகம் பார்க்கப் போகிற குடும்பம் உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா? ஈரக் கம்பிகளும், காலிக் கூடுகளும், அப்பாவின் குடையிலிருந்து என் கழுத்தில் சொட்டிய தண்ணீரும்தான் எனக்கு நினைவில் இருக்கின்றன. சிங்கம் உள்ளே, புலி உள்ளே, குரங்குகூட உள்ளே. அன்றைக்கு நான் பார்த்த ஒரே மிருகம் நீதான்.

நீ அப்பாவின் கையை உதறிவிட்டு எங்கேயோ ஓடினாய். திரும்பி வந்தபோது உன் முகமே வேறு மாதிரி இருந்தது. குளத்துக்குள்ளிருந்து இரண்டு நீர்யானைகள் எழும்பி, வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்து, மழையைக் குடித்ததாம். "அந்த வாய்க்குள்ள நாம ரெண்டு பேரும் பாய் விரிச்சு உறங்கலாம் பிள்ளே" என்றாய். நான் அன்றைக்கும் நம்பவில்லை, அதற்குப் பிறகும் நம்பவில்லை. உன் கல்யாணத்தன்று மைனியின் காதில் "இவன் சொல்றதுல பாதிய தள்ளிரு மைனி" என்று சொல்லிவைத்தவள் நான். அருமனைக்காரி, அதற்கே விழுந்து விழுந்து சிரித்தாள்.

அம்முவுக்கு நீ சொன்ன கதைகளில் அதுதான் ராஜா. சோறு ஊட்டும்போதும் நீர்யானை, எண்ணெய் தேய்க்கும்போதும் நீர்யானை. ஒவ்வொரு தடவையும் அந்த வாய் கொஞ்சம் பெரிதாகும். "உனக்கு எட்டு வயசு ஆவட்டு மக்கா. பொறந்தநாளுக்குக் கொண்டுபோய்க் காட்டுதேன். நல்ல மழையாப் பாத்துப் போவணும். மழையிலதான் அது வாயத் தொறக்கும் ஆக்கும்" என்று வாக்குக் கொடுத்திருந்தாய்.

அதற்கு அடுத்த இடவப்பாதி மழையிலேயே உனக்குக் காய்ச்சல் வந்தது. நனைந்ததால் வந்தது என்று நீ சொன்னாய், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மழை விட்ட நாட்களில் காய்ச்சலோடேயே வெட்டுக்குப் போனாய். ஆஸ்பத்திரிக்குப் போனபோது எலிக்காய்ச்சல் என்றார்கள். அப்போது எல்லாம் கைமீறிவிட்டது.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த காலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இது உனக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். உன் மகள் தானே தலையை வாரி, அந்த மஞ்சள் பிராக்கைப் போட்டுக்கொண்டு, உன் தலைமாட்டில் வந்து நின்றாள். மழை பெய்கிறது, அப்பா வீட்டில் இருக்கிறார். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "அப்பா, மழை வந்தாச்சு. எங்க போறோம்?" என்று கேட்டாள். பதில் வராததால் குனிந்து உன் காதில் மறுபடியும் கேட்டாள்.  மைனிதான் அவளை இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அம்முவுக்கு மழை ஆகாது. ஓட்டில் முதல் துளி விழுந்ததுமே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இரண்டு கையாலும் காதைப் பொத்தி, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, மழை விடும்வரை அப்படியே இருப்பாள். இழுத்தால் அலறுவாள். நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் மழைதானே அண்ணா, பள்ளிக்கூடம் எப்படிப் போவாள்? டீச்சர் நல்லவர், வீட்டுக்கே வந்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து "மோளே, மோளே" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "இப்படியே விட்டா பிள்ளைக்க படிப்பு போயிரும்" என்றார். இவள் அங்கிருந்து என்றைக்கு வெளியே வருவாள்? வருவாளா? மைனியும் நானும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள பயந்த கேள்வி இதுதான்.

பதினாறு கழிந்து கொஞ்ச நாளில் மைனி உன் கத்தியை எடுத்தாள். நான் சண்டைக்கே போனேன். "உனக்கு வெட்டத் தெரியுமா மைனி? மரத்தக் காயப்படுத்திட்டு நிக்காத."

"இத்தன வருசம் அவருக்க பொறத்தால நடந்து பாலு எடுத்தவ நான். கை தன்னால வரும்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியாததா?

ஒரு விடியலில் பின்னாலேயே போய் மறைந்து நின்று பார்த்தேன். தலையில் உன் விளக்கு. கத்தி பட்டையில் சரிந்து இறங்கியது, சீவல் சுருண்டு சுருண்டு விழுந்தது, பின்னாலேயே பால் வெள்ளையாக ஊறி இறங்கிச் சிரட்டையில் சொட்டியது. ஒரு மரம் முடிந்ததும் அடுத்த மரம். அந்த வெளிச்சம் நகர்ந்து நகர்ந்து மேட்டில் ஏறிப் போனதைப் பார்த்தபோது, ஒரு நிமிஷம், நீதான் போகிறாய் என்று நினைத்துவிட்டேன். எப்பேர்ப்பட்ட பெண்ணைக் கட்டினாய் அண்ணா! எனக்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

ஆனால் சிக்கலைப் பார். மைனிக்கு ஓய்வு மழை நாளில் மட்டும். அம்மு வெளியே வருவது வெயில் நாளில் மட்டும். தாயும் மகளும் சேர்ந்து வாசலைத் தாண்ட ஒரு நாள்கூட இல்லை. ஐப்பசி பிறந்ததும் அம்மு மெதுவாக ஆரம்பித்தாள். "மாமி, எட்டு வயசு ஆவப்போவுது. காழ்ச்சபங்களா எப்போ?" அவள் அதை மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். எங்கே மறப்பாள், உன் ரத்தம். "ஆனா மழை இல்லாத நாளாப் பாத்துத்தான் வருவேன்" என்றாள். அப்படியானால் நீர்யானை வாயைத் திறக்காதே என்றேன். "தொறக்காண்டாம். சும்மா பாத்தாப் போதும்."

உன் அளியன் வாட்ஸ்ஆப்பில் திட்டம் அனுப்பினார். கும்ப மாசத்தில், அதாவது மாசியில், ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும், மழையும் இருக்காது, அப்போது போங்கள், திங்கட்கிழமை அங்கே அடைப்பு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று. பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு நம் ஊர் மழைக்கு நாள் குறிக்கிறார். அம்மு முழுவதையும் கேட்டுவிட்டு, "பொறந்தநாளுக்குன்னாக்கும் அப்பா சொன்னது" என்றாள். 

மைனிதான் முடிச்சை அவிழ்த்தாள். சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே, "ஒரு நாளு வெட்டலேன்னா மரம் ஒண்ணும் கோவிச்சுக்காது. வெயில்லயே போவோம்" என்றாள்.  அப்பா காலத்திலிருந்து நம் வீட்டில் வெட்டு நாளில் வெட்டாமல் ஊர் பார்க்கப் போனவர்கள் உண்டா? காய்ச்சலிலேயே நிற்காமல் போனவன் நீ.

அவள் பிறந்தநாள் சனிக்கிழமை வந்தது, அன்றைக்கே என்று முடிவு செய்தோம். அதற்கப்புறம்தான் வேடிக்கை. நமக்கு வெயிலில் ஊருக்குப் போய்ப் பழக்கமே இல்லை! தலைக்குத் தொப்பி வேண்டுமா, தண்ணீர் எவ்வளவு வேண்டும், எதுவும் தெரியாது. மைனி பழக்கதோஷத்தில் பையில் தலை துவட்டத் துவர்த்தும் மாற்றுத்துணியும் எடுத்து வைத்தாள், நான் எடுத்து வெளியே போட்டேன். அம்மு ஒவ்வொரு நாளும் என் போனை வாங்கி, சனிக்கிழமைக்கு நேராக இருந்த சூரியன் படத்தைப் பார்த்துவிட்டுத் தருவாள். "மழை வராதுல்லா மாமி?" "வராது மக்கா." "சத்தியமா?" "சத்தியமா."

கடைசியில் குடை. குடையைக் கண்டாலே பிள்ளை சந்தேகப்படும் என்று வீட்டில் இருந்த அத்தனை குடையையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ஐப்பசி மாசத்தில் குடை இல்லாமல் வாசல் இறங்குகிறவர்களைப் பார்த்தால் நம் பக்கத்தில் சிரிப்பார்கள். காலம் முழுக்கக் குடையோடு ஊர் சுற்றிய குடும்பம், வாழ்க்கையில் முதல்முறையாகக் குடையை விட்டுவிட்டுப் போனது அன்றைக்குத்தான்.

விடியும்போது வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வெட்டுக்குப் போகாத மைனி அந்த நேரத்தில் வாட்டிய இலையில் சோறு பொதிந்துகொண்டிருந்தாள். தேங்காய்ச் சம்மந்தி, பயறு மெழுக்குவரட்டி, முட்டை பொரித்தது. நெய்யாற்றின்கரை வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில். அம்மு ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் காவலாளி பையைத் திறந்து, "பிளாஸ்டிக் உண்டோ?" என்றார். இலைப் பொதியை மோந்து பார்த்துவிட்டு, "கொள்ளாம், பொய்க்கோ" என்று சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்.

உள்ளே போனதும் முதலில் என்னை நிறுத்தியவை மிருகங்கள் இல்லை அண்ணா, மரங்கள். சின்ன வயதில் குடைக்கு அடியில் இருந்ததால் நான் அவற்றைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். மைனி ஒரு மரத்துக்குப் பக்கத்தில் போய், வெட்டுகிற உயரத்தில் பட்டையில் கையை வைத்து மெல்லத் தடவினாள். "ஒரு வெட்டுகூட விழல ஷீஜே. பிறந்ததுலேர்ந்து யாரும் ஒண்ணும் கேக்காத மரம்" என்றாள். அந்தக் கையை எடுக்க அவளுக்கு மனசே வரவில்லை.

ஒட்டகச்சிவிங்கி எங்கள் தலைக்கு மேலே எங்கேயோ இருந்து குனிந்து பார்த்தது. இத்தனை நீளக் கழுத்தை வைத்துக்கொண்டு ஒரு சத்தமும் போடாமல் நிற்கிறதே! புலி வெயிலில் படுத்திருந்தது. எங்களைப் பார்த்தது, ஆனால் நாங்கள் அங்கே இல்லாத மாதிரிப் பார்த்தது. என் கால் தானாகப் பின்னால் போனது. கம்பியும் பள்ளமும் நடுவில் இருப்பது மூளைக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. அம்மு என் விரலைப் பிடித்துக்கொண்டு, "மாமி, இதெல்லாம் நெசமா இங்கதான் இருக்கா?" என்று ரகசியமாகக் கேட்டாள். நெசமாக இங்கேதான் இருக்கிறது என்று நானும் ரகசியமாகச் சொன்னேன். கடையில் நாள் முழுக்கத் துணி விரித்து மடிக்கிற எனக்கு, பஸ்ஸும் ரயிலும் ஏறிப் போகிற தூரத்தில் இப்படி ஓர் உலகம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்பது அதுவரை தெரியாமல் இருந்திருக்கிறது.

சோறு சாப்பிட்டு எழுந்தபோது கிழக்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. போனைப் பார்த்தேன், அதில் இன்னும் சூரியன்தான். மரங்களெல்லாம் ஒரு தடவை மொத்தமாக அசைந்தன. உனக்குத் தெரியுமே, அதற்குப் பிறகு ஐப்பசி மழை யாருக்கும் நேரம் கொடுக்காது.

பக்கத்தில் தெரிந்த கொட்டகைக்கு ஓடினோம். கூட்டமெல்லாம் குடையை விரித்தது. எங்களிடம்தான் ஒன்றும் இல்லை. கொட்டகையின் தகரத்தில் மழை அடித்த அடியில் பேசுவது கேட்கவில்லை. அம்மு மைனியின் வயிற்றில் முகத்தைப் புதைத்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அங்கே கட்டில் இல்லை, ஒளிந்துகொள்ள வேறு இடம் இல்லை.  சத்தியம் செய்தவள் நான்தானே. எல்லாம் போச்சு, இனி இவள் வெயிலிலும் வாசல் தாண்டமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அப்போது அந்தச் சத்தம் வந்தது. முதலில் பெரிய மூச்சு. பிறகு அடிவயிற்றிலிருந்து கிளம்புகிற உறுமல், ஒன்றின்மேல் ஒன்றாக. மழைச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. நான் பிடித்திருந்த இரும்புத் தூணில் அந்த அதிர்வு தெரிந்தது. அம்மு ஒரு காதிலிருந்து கையை எடுத்தாள். "அது என்ன மாமி?"

எனக்குத் தெரியவில்லை. மைனிக்குத் தெரிந்திருந்தது. உன் கதையை எங்கள் எல்லோரையும்விட அதிகம் கேட்டவள் அவள்தானே? அம்முவின் கைகளைப் பிரித்து என் இடுப்பில் வைத்துவிட்டு, மழைக்குள் இறங்கி நடந்தாள். "மைனி, நனையாத!" என்று கத்தினேன். "நனையட்டு" என்றாள், திரும்பிப் பார்க்காமல். எதிரே ஒரு வேலி, அதற்கு அந்தப் பக்கம் குளம். வேலியைப் பிடித்துக்கொண்டு அவள் அசையாமல் நின்றாள்.

அம்மு என்னை அண்ணாந்து பார்த்தாள். "மாமி, அம்மா நனையுறா."

"ஆமா மக்கா."

"அம்மாவுக்கும் காய்ச்சல் வருமா? அம்மாவும் எழும்பமாட்டாளா?"

அண்ணா, இத்தனை நாளும் அந்தக் கட்டிலுக்கு அடியில் அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மழை தன்னைப் பிடித்துவிடும் என்று அவள் பயப்படவே இல்லை. மழை உன்னை எடுத்தது, அடுத்து அம்மாவை எடுக்கும் என்று காத்திருந்திருக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை, யாரிடமும் சொல்லாமல். நான் பதில் சொல்வதற்குள் என் கையை உதறிவிட்டு மழைக்குள் ஓடினாள்.

அம்மாவை இழுத்துக்கொண்டு வரத்தான் ஓடினாள். மைனியின் ஷாலைப் பிடித்து, "வாம்மா, நனையாதம்மா, வா" என்று அழுதுகொண்டே இழுத்தாள். நானும் பின்னால் ஓடினேன். அந்த நேரத்தில் குளம் மேலே எழும்பியது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. மழையில் துள்ளிக்கொண்டிருந்த தண்ணீருக்கு நடுவில் ஒரு பாறை உயர்ந்தது, அதற்குக் கண் இருந்தது, சின்னக் காது இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. முதலாவது தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தது. திறந்துகொண்டே போனது. உள்ளே அவ்வளவும் ரோஜா நிறம், கையளவு பற்கள், அதன்மேல் மழை நேராக இறங்கிக்கொண்டிருந்தது. அது வாயை மூடவே இல்லை அண்ணா. குடித்துக்கொண்டே இருந்தது.

எனக்குக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சொல்லப்போனால் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாய். மைனியின் முகத்தில் மழையும் கண்ணீரும் சேர்ந்து ஓடியது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "பாத்தியா ஷீஜே? பாதிய தள்ளிருன்னு சொன்னல்லா?" என்றாள்.

அம்மு இழுப்பதை மறந்திருந்தாள். ஷால் கையிலேயே இருந்தது, அழுகை பாதியில் நின்றிருந்தது. முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, மழை முகத்தில் அடிக்க அடிக்க, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பார்த்தாள். பிறகு வேலிக் கம்பிக்குள் விரலை நீட்டினாள். "மாமி, ரெண்டு இல்ல. மூணு!" பெரியதின் வயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி, அதுவும் தன்னால் ஆனமட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. "அப்பா ரெண்டுன்னுதானே சொன்னாரு? அப்பாவுக்குக் குட்டிய தெரியாது. சொல்லணும் மாமி."

வீட்டுக்கு வந்ததும் அம்மு ஒரு துவர்த்தை எடுத்துவந்து மைனியின் தலையைத் தேய் தேயென்று தேய்த்தாள். படுக்கும்வரை நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மறுநாளும் அதே காவல். எங்களுக்கு உள்ளுக்குள் ஒரே பயம். மைனி ஒரு தும்மல் போட்டால்கூடத் தொலைந்தோம். தும்மல் வரும்போது அவள் கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தாள், பார்த்துக்கொள். காய்ச்சல் வரவில்லை. நாலைந்து நாள் கழித்தும் வரவில்லை. அம்முவின் கை நெற்றிக்குப் போவது மெல்லக் குறைந்தது.

அதற்கப்புறம் மழை இன்றைக்கு விடியற்காலையில்தான் வந்தது. ஓட்டில் முதல் சத்தம் கேட்டதுமே எனக்குத் தூக்கம் போய்விட்டது. முற்றத்தில் நனைந்துகொண்டே உன் வீட்டுக்கு ஓடினேன். மைனி கத்தியை ஆணியில் மாட்டிவிட்டு, கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

அவள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அந்த மஞ்சள் பிராக். அன்றைக்குப் பிறகு அவள் தொடாத பிராக், இப்போது முழங்காலுக்கு மேலே நிற்கிறது. தலையைத் தானே வாரியிருந்தாள், வகிடு கோணலாக.

"மாமி, மழை வந்தாச்சு. எங்க போறோம்?"

நான் அவளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.  பிறகு அலமாரியைத் திறந்து குடைகளை எடுத்தேன். கடைக்கு இன்றைக்கு வரவில்லை என்று போன் போட்டுச் சொன்னேன். மைனி சோறு பொதிகிற நேரத்தில் இதை எழுதுகிறேன். எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை. அம்மு கடல் என்கிறாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அண்ணா. போனைப் பார்த்து யாருக்கும் இனி சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் எந்த மழையிலும் உன் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் இல்லாமல் நிற்கமாட்டாள். மைனி இருப்பாள், நான் இருப்பேன், எங்களில் ஒருத்தி ஓர் இடத்தின் பேரைச் சொல்லுவோம். மழை விடுவதற்குள் கிளம்ப வேண்டும், அம்மு வாசலில் நின்று கூப்பிடுகிறாள். வாறேன்.

நீ சொன்னதில் இனி ஒன்றையும் தள்ளாத
உன் தங்கை
ஷீஜா